பெல்வா டேவிஸ் அம்மையாரின் அரை நூற்றாண்டுத் தொண்டு

(ஒரு வாசகசாலையில் நடைபெற்ற நினைவுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



அமெரிக்கா தேசத்தில் டெலிவிஷன் செய்தி நிருபராயிருந்து காலஞ்சென்ற பெல்வா டேவிஸ் அம்மையாரைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று இவ்வாசகசாலைத் தோழர்கள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். உங்களில் பலருக்கு இந்தப் பெயர் இன்றுதான் முதல் தடவையாகக் காதில் விழுந்திருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் மந்திரியாயிருந்தவரல்ல, சினிமா நட்சத்திரமல்ல, தேசமெங்கும் ஒளிபரப்பும் பெரிய ஸ்தாபனங்களில் கொலுவிருந்தவருமல்ல. சான்பிரான்சிஸ்கோ பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மாத்திரம் தெரியக்கூடிய உள்ளூர் டெலிவிஷன் நிலையங்களில் செய்தி திரட்டி, சாயங்கால வேளையில் ஜனங்களுக்கு அதைச் சொல்லி வந்தவர். 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், தமது 92-வது வயதில், ஓக்லண்டு நகரத்தில் தமது வீட்டில் இறந்து போனார்.

செய்தி வாசித்த ஒரு அம்மாளுக்கு நாம் எதற்காகக் கூட்டம் போட வேண்டும் என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு தோழர் என்னைக் கேட்டு விட்டார். நியாயமான கேள்விதான். ஆளைத் தூக்கி வைத்துப் பூஜை செய்வது நமக்கு வேலையல்ல. ஆனாலும் அந்தத் தோழருக்குப் பதில் சொல்ல முடியும் என்கிற தைரியத்தில்தான் நான் எழுந்து நிற்கிறேன். நான் சொல்லுவது திருப்தியாக இல்லையானால் கடைசியில் அவர் தாராளமாக எழுந்து கேட்கலாம்.

அம்மையார் பிறந்தது 1932-ல், லூயிசியானா மாகாணத்திலுள்ள மன்ரோ என்னும் ஊரில். தாயாருக்கு அப்போது வயது 14. அந்தச் சிறு பெண் துணி வெளுத்து ஜீவனம் செய்து வந்தாள். தகப்பனார் மரம் அறுக்கும் ஆலையில் கூலி. தென் அமெரிக்க மாகாணங்கள் என்றால் அக்காலத்தில் எப்படியிருந்தன என்பதை உங்களுக்கு நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. குடிக்கிற தண்ணீர்க் குழாய் வேறு, ரயில் வண்டியில் உட்காருகிற இடம் வேறு, பள்ளிக்கூடம் வேறு, செத்தால் புதைக்கிற இடமும் வேறு. இதையெல்லாம் கேட்டு வாய் பிளந்து ஆச்சரியப்படும்படியான ஊரில் நாம் பிறந்திருக்கவில்லை.

அவருடைய மாமன்மாரில் ஒருவர், வேலையில் காயம்பட்டதற்காக முதலாளியின் பேரில் நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்து, வழக்கில் ஜெயித்தும் விட்டார். தோற்றிருந்தால் ஊரில் இருந்திருக்கலாம். ஜெயித்ததுதான் வினையாய்ப் போயிற்று! கருப்பன் கோர்ட்டு ஏறுவதாவது, ஏறினாலும் வெள்ளைக்காரனிடத்தில் பணம் வாங்குவதாவது என்று ஊரிலுள்ளவர்கள் உயிருக்கே பயமுறுத்தல் செய்தார்கள். குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு ரயிலேறியது. மேற்கு ஓக்லண்டில் இரண்டு படுக்கையறையுள்ள ஒரு குடியிருப்பில் 11 பேர் அடைந்து கிடந்தார்கள். குழந்தைப் பருவத்தில் உறவினர் வீடு மாற்றி உறவினர் வீடாக வளர்ந்த பெண்ணுக்குப் புது ஊரிலும் சொந்தமென்று ஒரு மூலை கிடைக்கவில்லை.

அப்படியிருந்தும் 1951-ல் பெர்க்கிலி உயர்தரப் பள்ளிக்கூடத்தில் தேறினார். அவர்கள் குடும்பத்தில் அந்தப் படிப்பை முடித்த முதல் ஆள் அவரே. சான்பிரான்சிஸ்கோ அரசாங்கக் கல்லூரியில் இடமும் கொடுத்தார்கள். இடம் கிடைத்தது; சம்பளம் கட்டப் பணம் கிடைக்கவில்லை. ஆகவே கல்லூரி வாசலை மிதிக்காமலே, ஓக்லண்டிலிருந்த கடற்படைச் சாமான் கிடங்கு ஆபீசில் டைப் அடிக்கும் வேலைக்குப் போனார். மறு வருஷம் கலியாணம், பிறகு இரண்டு குழந்தைகள். நம் நாட்டுப் பெண்களின் கதையைப் போலவே அவர் கதையும் அத்தோடு முடிந்திருக்க வேண்டியதுதான்.

முடியாததற்குக் காரணம், கருப்புப் பெண்களின் சங்கக் கூட்டங்களுக்கு அவர் போக ஆரம்பித்ததுதான். அந்தச் சங்கங்களில் என்ன நடக்கிறதென்று எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை. கருப்பன் திருடினால் பத்திரிகையில் வரும். கருப்பன் சங்கம் வைத்தால் வராது. அதை நாமே எழுதினால் என்ன என்று அவர் எழுதத் துவங்கினார். 1957-ல் கருப்பர்களுக்காக நடந்து வந்த "ஜெட்" என்னும் பத்திரிகைக்கு ஓக்லண்டுச் செய்திகளை அனுப்பலானார். ஒரு செய்திக்குக் கூலி 5 டாலர். எழுதினவர் பெயர் போட மாட்டார்கள். பிறகு உள்ளூர்க் கருப்பர் வாரப் பத்திரிகைகள். பிறகு கருப்பர்களை உத்தேசித்து நடந்த ரேடியோ நிலையங்கள். அங்கே பாட்டுத் தட்டு வைப்பார், பேட்டி காண்பார், செய்தியும் சொல்லுவார். இப்படியாக ஒன்றன் மேல் ஒன்றாக அவரே தொழிலைக் கற்றுக் கொண்டார். சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடமும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

1963-ல் முதல் தடவையாக டெலிவிஷனில் அவர் முகம் தெரிந்தது. எதற்காகவென்றால், கருப்புப் பெண்களின் அழகுப் போட்டி ஒன்றைப் பற்றிச் சொல்லுவதற்காக. அழகுப் போட்டி என்றதும் இங்கே சில தோழர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. எனக்கும் அதில் சம்மதமில்லை. பெண்களைச் சந்தையில் மாடு நிறுத்துவது போல் நிறுத்தி மார்க்குப் போடுவது மனிதத் தன்மையல்ல. ஆனால் அந்த நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. "மிஸ் அமெரிக்கா" என்னும் பெரிய போட்டியில் வெள்ளை ஜாதிப் பெண்ணாக இருந்தால்தான் கலந்து கொள்ளலாம் என்று எழுத்து மூலமாகவே ஒரு விதி இருந்தது. அந்த விதி 1950-ல் எடுபட்டும், 1970 வரையில் ஒரு கருப்புப் பெண்ணும் அந்த மேடையில் ஏற முடியவில்லை. விதியை எடுத்தால் போதாது, விதியை எழுதின மனசையும் எடுக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு திருஷ்டாந்தம். கருப்பு என்றால் அவலட்சணம் என்று சொல்லிச் சொல்லி, கருப்பர்களையே நம்ப வைத்திருந்த ஒரு தேசத்தில், இதோ இவர்களும் அழகுதான் என்று டெலிவிஷனில் காட்டுவது அன்றைக்கு ஒரு பிரசாரமாகவே இருந்தது. நிற்க.

இனி நான் சொல்லப் போவதுதான் அம்மையாருடைய வாழ்க்கையில் முக்கியமான சங்கதி என்று நினைக்கிறேன்.

1964-ம் வருஷம் ஜூலை மாதம் ரிபப்ளிக்கன் கட்சியின் தேசிய மகாநாடு சான்பிரான்சிஸ்கோவை அடுத்து "கௌ பாலஸ்", அதாவது பசு மாளிகை என்னும் இடத்தில் கூடிற்று. மாட்டுக்கு மாளிகையா என்று பார்க்கிறீர்களா? கால்நடைக் கண்காட்சிக்காகக் கட்டிய கொட்டகை அது. அந்நாட்டில் மாட்டுக்கு மாளிகை கட்டினால் கண்காட்சிக்கும் விலை பேசுவதற்கும்தான். விழுந்து கும்பிடுவதற்கு அல்ல. கருப்பர்களுக்குச் சம உரிமை வழங்கும் சிவில் உரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டு அப்போது இரண்டு வாரங்கூட ஆகவில்லை. அந்தச் சட்டத்துக்கு விரோதமாக ஓட்டுப் போட்டவர் செனட்டர் கோல்டுவாட்டர். அவரைத்தான் அந்த மகாநாட்டில் ஜனாதிபதி ஸ்தானத்துக்கு அபேட்சகராக நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு, கருப்பர் ரேடியோ நிலையத்தைச் சேர்ந்த லூயிஸ் பிரீமன் என்பவரும் பெல்வா அம்மையாரும் செய்தி சேகரிக்கப் போனார்கள்.

பத்திரிகைக்காரர்களுக்குள்ள அனுமதிச் சீட்டு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சீட்டில் உள்ளே போய் உயரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். கூட்டத்துக்கு வெறி ஏற ஏற, சுற்றியிருந்தவர்களின் கண் இந்த இரண்டு கருப்பு முகங்களின் மேல் விழுந்தது. வாயில் வராத பெயரெல்லாம் சொல்லிக் கத்தினார்கள், வெளியே போ என்றார்கள். சாமான்களைச் சுருட்டிக்கொண்டு இவர்கள் நடந்தார்கள். நடக்கிற வழியெல்லாம் காகிதமும் தின்பண்டமும் வந்து மேலே விழுந்தன. கடைசியில் ஒரு சோடாப் புட்டி அம்மையாரின் தலையை ஒட்டிப் பறந்து போய் நொறுங்கிற்று. கூட வந்த பிரீமன், அழக்கூடாது என்று அவரைக் கண்டிப்பாய்ச் சொன்னாராம். ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. ஓடினால் துரத்துவார்கள், நின்றால் அடிப்பார்கள். கார் இருக்கிற இடம் வரையில் அப்படியே நடந்து போனார்கள்.

தோழர்களே! இப்படி ஒரு சம்பவம் நேர்ந்தால் மனிதருக்கு இரண்டு வித எண்ணம் வரலாம். வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இனி அந்தப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை என்பது ஒன்று. இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு வெறி பிடித்து நடந்ததை நாளைக்கு எந்த டெலிவிஷனில் யார் போய்ச் சொல்லப் போகிறார்கள் என்பது மற்றொன்று. அம்மையாருக்கு வந்தது இரண்டாவது எண்ணம். சாதாரண ரேடியோக்காரியாக உள்ளே போனவர், செய்தி நிருபராகியே தீருவது என்கிற முடிவோடு வெளியே வந்ததாக அவரே பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறார்.

முடிவு செய்தால் மாத்திரம் போதுமா? வேலை கொடுப்பவர்கள் வேண்டுமே. டெலிவிஷன் நிலையங்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒரு நிலையத்து அதிகாரி, நாங்கள் நீக்ரோப் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார். அந்த மனிதராவது உண்மையைச் சொன்னார் என்று நான் நினைக்கிறேன். மற்றவர்கள் சொல்லுகிற "தகுதி போதாது", "பார்க்கிற ஜனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்", "இப்போது இடம் காலியில்லை" என்கிற வார்த்தைகளை விட இது மேல். தகுதி என்கிற வார்த்தை நம் காதுக்குப் பழகின வார்த்தைதான். எதைத் தராமல் வைத்திருந்தார்களோ, அதையே இல்லையென்று சொல்லி வெளியே நிறுத்துவதற்கு அது உபயோகப்பட்டு வந்திருக்கிறது. கல்லூரிக்குச் சம்பளம் கட்ட முடியாதபடி வைத்து விட்டு, கல்லூரிப் பட்டம் எங்கே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

1966-ல் கே.பி.ஐ.எக்ஸ். என்னும் சான்பிரான்சிஸ்கோ நிலையம் அவரை நிருபராக எடுத்துக் கொண்டது. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை முழுவதிலும் டெலிவிஷன் நிருபராக அமர்ந்த முதல் கருப்புப் பெண் அவர்தான். அந்தக் காலத்து வேலை இப்போது போல் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு போகிற வேலையல்ல. கனமான காமிரா, படச்சுருள், அதைக் கொண்டு வந்து மருந்தில் கழுவி, வெட்டி ஒட்டிச் சாயங்காலத்துக்குள் தயார் செய்தாக வேண்டும். அல்லாமலும் அக்காலத்து வர்ணப் படச்சுருள்களை வெள்ளைத் தோலை அளவாக வைத்தே சரி பார்த்து விற்றார்கள். கருப்பு முகம் அதில் சரியாக விழாது. இயந்திரத்துக்கு ஜாதியில்லை என்று நாம் சொல்லிக் கொள்ளுகிறோம். செய்கிறவனுக்கு இருந்தால் இயந்திரத்துக்கும் வந்து விடும் போலிருக்கிறது.

அவர் வேலைக்குச் சேர்ந்த அதே 1966-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், அவர் வளர்ந்த ஓக்லண்டிலேயே "கருஞ்சிறுத்தைக் கட்சி" ஆரம்பமாயிற்று. வெள்ளைப் பத்திரிகைகளுக்கு அந்த வாலிபர்களின் கையிலிருந்த துப்பாக்கி மாத்திரந்தான் தெரிந்தது. அவர்கள் ஏழைக் குழந்தைகளுக்குக் காலையில் பலகாரம் சமைத்துப் போட்டது தெரியவில்லை. ஹியூ நியூட்டன் முதலிய அக்கட்சித் தலைவர்களிடம் போய்ப் பேட்டி கண்டு, அவர்கள் வாயாலேயே அவர்கள் சங்கதியைச் சொல்ல வைத்தவர்களில் அம்மையார் ஒருவர். அவர்களோடு எல்லா விஷயத்திலும் ஒத்துப் போனார் என்று இதற்கு அர்த்தமில்லை. கருப்பராகப் பிறந்ததை அவர் மறைத்துக் கொள்ளவுமில்லை, அதைக் காட்டிக் கேள்வியைக் குறைத்துக் கொள்ளவுமில்லை. போலீஸ் அதிகாரியிடம் கேட்கிற கேள்வியைப் போலவே அவர்களிடத்திலும் கேட்டார்.

1968-ல் வேறொரு வேடிக்கையும் நடந்தது. எந்தக் கல்லூரியில் பணமில்லாமல் அம்மையார் சேர முடியாமற் போயிற்றோ, அந்தச் சான்பிரான்சிஸ்கோ அரசாங்கக் கல்லூரியிலேயே, எங்கள் ஜனங்களின் சரித்திரத்தையும் பாடமாக வை என்று மாணவர்கள் நவம்பரில் வேலைநிறுத்தம் துவங்கி, மறு வருஷம் மார்ச்சு வரையில் நடத்திப் பாடத்தையும் வாங்கினார்கள்.

அதே 1968-ல் அரசாங்கமே நியமித்த கெர்னர் கமிஷன் தனது அறிக்கையை வெளியிட்டது. நகரங்களில் கருப்பர்கள் ஏன் கலகம் செய்கிறார்கள் என்று விசாரிக்க வந்த கமிஷன், பத்திரிகைகளையும் ரேடியோ, டெலிவிஷனையும் ஒரு பிடி பிடித்தது. செய்தி எழுதும் உத்தியோகங்களில் 100-க்கு 5 பேர்கூடக் கருப்பர்கள் இல்லை. மேற்பார்வை செய்யும் ஸ்தானங்களில் 100-க்கு ஒருவர்கூட இல்லை. ஆகவே வெள்ளையன் கண்ணால் பார்த்ததே உலகம் என்று எழுதி வருகிறார்கள் என்று சொல்லிற்று. ஒருத்திக்கு உத்தியோகம் கிடைத்து விட்டால் ஒரு ஜன சமூகத்துக்கே என்ன லாபம் என்று சிலர் கேட்பார்கள். லாபத்தை நான் பெரிதாக்கிச் சொல்ல வரவில்லை. அந்த ஒருத்தி உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றி 95-க்கு மேல் வெள்ளை நாற்காலிகள் என்பதை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பின்னால் அத்தொழிலுக்கு வந்த பல கருப்புப் பெண்கள், அந்த அம்மாளைப் பெட்டியில் பார்த்த பிறகுதான் நம்மாலும் இது ஆகும் என்று நினைத்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவரும் தாம் ஏறிய ஏணியை எட்டி உதைக்கவில்லை. ரேடியோ, டெலிவிஷன் தொழிலாளர் சங்கத்தில், கருப்பர்களுக்கும் பெண்களுக்கும் சமமாக வேலை கொடுக்க வேண்டுமென்று நெடுங்காலம் பாடுபட்டார். "ஆல் டுகெதர் நௌ" என்ற பெயரில், கருப்பர், மெக்சிகோக்காரர், ஆசியாக்காரர் ஆகிய பல சமூகத்தாரின் குறைகளையும் நடவடிக்கைகளையும் ஜனங்கள் அதிகமாகப் பார்க்கும் வேளையிலேயே எடுத்துக் காட்டும் நிகழ்ச்சியை நடத்தினார். அவர் இரண்டாவதாக மணந்து கொண்ட பில் மூர் என்பவரும், டெலிவிஷன் செய்திக்குக் காமிரா பிடித்த முதல் கருப்பர்களில் ஒருவர். புருஷன் படம் பிடிக்க, மனைவி செய்தி சொல்ல, இப்படியும் ஒரு குடும்பம்!

இனி, பகுத்தறிவு பேசும் நமக்கு மிகவும் சம்பந்தமான ஒரு சங்கதிக்கு வருகிறேன். இதில் கொஞ்ச நேரம் நிற்க அனுமதி கொடுங்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் ஜிம் ஜோன்ஸ் என்று ஒரு பாதிரி இருந்தான். அவன் நடத்தியது "மக்கள் ஆலயம்". ஜாதி வித்தியாசமில்லை, நிற வித்தியாசமில்லை, ஏழைக்குச் சோறு, வயோதிகருக்கு இடம் என்று பேசினான். பேசினதோடு கொஞ்சம் செய்தும் காட்டினான். அதனால்தான் ஏழைக் கருப்பர்கள் ஆயிரக்கணக்கில் அவனிடம் போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களிடத்தில் வீட்டையும் பென்ஷனையும் எழுதி வாங்கிக் கொண்டான். நோய் தீர்க்கிறேன் என்று மேடையில் வைத்துக் கோழிக் குடலைக் காட்டி, இதோ உன் வயிற்றிலிருந்த புற்றுக் கட்டி வெளியே வந்து விட்டது என்றான். அந்த ஆளைத்தான் நகரசபைத் தலைவர் வீட்டு வசதிக் கமிஷனில் உத்தியோகம் கொடுத்து வைத்திருந்தார்! ஏனென்றால் அவன் கை காட்டினால் ஓட்டு விழும். பெரிய பத்திரிகைகளும் அவனிடத்தில் வாயைத் திறக்கப் பயந்திருந்தன. 1977-ல் ஒரு பத்திரிகை அவனுடைய பித்தலாட்டங்களை வெளியிடத் துணிந்ததும், சிஷ்யர்களை இழுத்துக்கொண்டு தென் அமெரிக்காவிலுள்ள கயானா காட்டுக்கு ஓடினான்.

1978 நவம்பர் 18-ந் தேதி, அங்கே விசாரிக்கப் போன சட்டசபை அங்கத்தினர் லியோ ரையனையும், கூடப் போனவர்களில் மூன்று பத்திரிகைக்காரர்களையும் சுட்டுக் கொன்றார்கள். அன்றே 900-க்கு மேற்பட்ட ஜனங்கள் சர்பத்தில் கலந்த விஷத்துக்கு இரையானார்கள். அதில் ஏறக்குறைய 300 பேர் குழந்தைகள். குழந்தைகள் மனம் ஒப்பிக் குடித்தார்கள் என்று எவன் சொல்லுவான்? செத்தவர்களில் பெரும்பாலோர் கருப்பர்கள். சான்பிரான்சிஸ்கோவிலும் ஓக்லண்டிலும் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள், சந்தையில் பார்த்தவர்கள். இது நடந்து ஒன்பதாம் நாள், நவம்பர் 27-ந் தேதி, நகரசபைத் தலைவர் மாஸ்கோனியும் அங்கத்தினர் ஹார்வி மில்க்கும் நகரசபைக் கட்டிடத்திலேயே, முந்தி அவர்களோடு அங்கத்தினராயிருந்த ஒருவனால் சுடப்பட்டு இறந்தார்கள்.

அந்த நாட்களில் அந்தப் பட்டணத்து ஜனங்களுக்குச் செய்தி சொன்ன முகங்களில் பெல்வா அம்மையாருடைய முகமும் ஒன்று. தன் சொந்த ஜனங்கள் தங்களை மனிதராக நடத்துவதாகச் சொன்ன ஒருவனை நம்பிப் போய்ச் செத்துக் கிடக்கிறார்கள் என்பதைப் பதறாமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது, செத்தவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று கேட்கிறவன் சிரித்து விடாதபடியும் சொல்ல வேண்டும். அவர்கள் ஏன் போனார்கள் என்பதை அவர்கள் வாழ்ந்த தெருவை அறிந்தவர்களால்தான் சொல்ல முடியும். மூடநம்பிக்கையைக் கண்டிக்கிற நம்மில் சிலர், ஏமாந்தவனைத் திட்டுவதோடு நிறுத்திக் கொள்ளுகிறோம். அவனுக்கு வெளியே மரியாதை கிடைத்திருந்தால் அங்கே போய் ஏன் மண்டியிடுகிறான் என்று கேட்பதில்லை. இதை என்னையும் சேர்த்தே சொல்லிக் கொள்ளுகிறேன்.

நம் நாட்டு டெலிவிஷனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. காலையில் பெட்டியைத் திருப்பினால் ராசி பலன். சந்திரன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று சொல்ல ஆள் இருக்கிறது. சேரியில் தண்ணீர் வந்ததா என்று போய்ப் பார்த்துச் சொல்ல ஆள் அருமையாயிருக்கிறது. சரி, அதை வேறொரு கூட்டத்தில் பேசிக் கொள்ளலாம்.

பிறகு அம்மையார் கே.ஆர்.ஓ.என். நிலையத்திலும், ஜனங்களின் நன்கொடையையும் ஆதாரமாகக் கொண்டு நடக்கும் கே.க்யூ.இ.டி. நிலையத்திலும் வேலை பார்த்தார். கியூபாவின் பிடல் காஸ்ட்ரோ முதலிய பலரைப் பேட்டி கண்டார். 1998-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் அமெரிக்க ஸ்தானாபதி ஆபீசுகளில் குண்டு வெடித்ததைப் பற்றியும் செய்தி சொன்னார். 1993 முதல் 2012 வரை வட கலிபோர்னியாவின் அரசியலை வாரந்தோறும் பலரை உட்கார வைத்து விவாதிக்கும் ஒரு நிகழ்ச்சிக்குத் தலைமை வகித்தார். அவர் பெற்ற பரிசுகளை எண்ணிச் சொல்லுவதில் எனக்கு ருசியில்லை. எட்டு "எம்மி" பரிசுகள் என்று சொல்லி விட்டுப் போகிறேன். அதைக் காட்டிலும் எனக்குப் பெரிதாய்ப்படுவது, ஆப்பிரிக்காவிலிருந்து உலகமெங்கும் சிதறிப்போன ஜனங்களின் சரித்திரத்தைக் காட்டுவதற்காக 2005-ல் சான்பிரான்சிஸ்கோவில் திறக்கப்பட்ட பொருட்காட்சிசாலைக்காக, அவர் பணம் திரட்டியதுதான். உங்களில் எவராவது ஒரு வாசகசாலைக்குக் கூரை போடப் பணம் வசூலித்துப் பார்த்திருந்தால் அதன் கஷ்டம் தெரியும்.

குறையே இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. ஊர் டெலிவிஷன் என்பது விளம்பரக்காரன் பணத்தில் நடக்கிற வியாபாரம். அதற்குள்ளிருந்துகொண்டு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவுதான் சொல்ல முடியும். அதை விட்டு வெளியே வந்து கொடி பிடித்தவர்கள் இன்னும் அதிகமாய்ச் சொன்னார்கள், அடியும் பட்டார்கள். ஆனால் கொடி பிடித்தவன் என்ன சொன்னான் என்பதை வீட்டிலிருக்கிறவன் காதில் கொண்டு போய்ச் சேர்க்க அங்கே ஒரு ஆள் வேண்டியிருந்தது. முன்பெல்லாம் அந்த ஆள் அடித்தவனுடைய ஜாதியாகவே இருந்தான்.

2012 நவம்பரில், தமது 80-வது வயதில், அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கடைசி நிகழ்ச்சிக்கு யாரைப் பேட்டி காணலாம் என்று வந்தபோது, கவர்னரையோ கோடீஸ்வரரையோ அவர் தேடவில்லை. தமது நெடுநாளைய சிநேகிதியும், தம்மைப் போலவே தென் மாகாணத்துத் துன்பத்தில் வளர்ந்து எழுத்தாளராகப் பேரெடுத்த கருப்பு மாதுமான மாயா ஆஞ்சலோவின் பேட்டியைத்தான் ஒளிபரப்பினார்.

தமது வரலாற்றை அவர் ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார். கனவிலும் நான் நினைத்ததில்லை என்பது போல அதற்குப் பெயர் வைத்திருக்கிறார். அந்தப் புத்தகத்தை இந்த வாசகசாலைக்கு வரவழைத்து மேஜை மேல் வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் தெரியாத தோழர்களுக்காக அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் வாரம் ஒரு அத்தியாயமாகத் தமிழில் சொல்லுவதற்குப் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூட ஆசிரியை ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். பெண்கள் கூடியவரையில் அதிகமாக வர வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறேன். குழந்தைகளையும் கூட்டி வரலாம். சத்தம் போட்டால் ஒருவரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

என் பேச்சு முடிந்தது. இனிக் கேள்வி கேட்கிற தோழர்கள் கேட்கலாம். வாசலில் என்னைக் கேட்ட தோழர் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்; அவரே முதலில் எழுந்திருக்கட்டும்.